எடை போடுகிறவன் யார்?

முகமது அலியா, மைக் டைசனா? வாழவந்தியில் நாலு பசங்க சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பழைய சண்டையெல்லாம் இப்ப செல்போனிலேயே கிடைக்கிறது. “டைசன் ஒரு குத்து விட்டா எவன்டா நிப்பான்?” என்கிறான் ஒருத்தன். “அலி ஒரு எடத்துல நின்னாத்தானடா அவன் குத்துவான்?” என்கிறான் இன்னொருத்தன். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்து பிள்ளையைக் காலேஜ் வரைக்கும் தள்ளிவிட்ட வீடுகளின் பசங்க இவர்கள்.

இதை வெட்டிப் பேச்சு என்று அலுத்துக்கொள்ளும் தோழர்கள் நம்மில் உண்டு. பஞ்சமி நிலம் கிடக்கிறது, வன உரிமைப் பட்டா கிடக்கிறது, கூலிப் பிரச்சினை கிடக்கிறது, அமெரிக்காக்காரன் குத்துச்சண்டை நமக்கு எதுக்கு என்கிறார்கள். நான் பசங்க கட்சி. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். அவர்களுடைய கதையில் நம்ம கதையைப் படிப்பது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் “யார் பெரியவன்” என்று கேட்பதற்கு முன்னால் “எந்தத் தராசில் நிறுத்து?” என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் பட்டியல் போட்டால், எவனோ வைத்துவிட்டுப் போன படிக்கல்லில்தான் நாமும் நிறுத்துக்கொண்டிருப்போம்.

முதல் படிக்கல்: தகுதி. இந்த வார்த்தையை நாம் நன்றாக அறிவோம். மண்டல் காலத்தில் தெருத் தெருவாகக் கூவினார்கள். இடஒதுக்கீடு என்றதும் இன்றைக்கும் முதலில் வாயில் வருவது இதுதான். குத்துச்சண்டையில் இந்தத் தகுதி எப்படித் தயாரானது என்று பாருங்கள். 1882 முதல் 1892 வரை ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவர் ஜான் எல். சல்லிவன். பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பு வீரர் அவரோடு மோதத் தயாராக நின்றார். கறுப்பரோடு மோதமாட்டேன் என்று சல்லிவன் வெளிப்படையாகவே சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸும் பட்டம் கையில் இருந்தவரைக்கும் ஜாக் ஜான்சனுக்கு வாய்ப்புத் தரவில்லை. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடி முதலில் வந்தவனுக்குப் பெயர் சாம்பியன். கருவறைக்குள் ஒரு சாதி மட்டும் நின்றுகொண்டு “மந்திரம் எங்களுக்குத்தான் வரும்” என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

அந்தக் கதவு 1908 டிசம்பர் 26ஆம் தேதி சிட்னியில் உடைந்தது. டாமி பர்ன்ஸை உலகமெல்லாம் துரத்திப் போய் மோதி, முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார் ஜான்சன். உடனே “வெள்ளை நம்பிக்கை” ஒன்றைத் தேட ஆரம்பித்தார்கள். ஓய்வில் கிடந்த ஜெஃப்ரிஸைக் கெஞ்சிக் கூட்டிவந்து 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் நிறுத்தினார்கள். பதினைந்தாவது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் சாய்ந்தார். அன்று இரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பு மக்களைத் தேடித் தேடி அடித்தார்கள். பல உயிர்கள் போயின. மேடையில் ஒருத்தன் ஜெயித்ததற்குத் தெருவில் எல்லாருக்கும் அடி. நம்ம பையன் புது பைக் வாங்கினதற்கும், கபடியில் கப்பு வாங்கினதற்கும் சேரி எரிகிற நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சண்டையின் படத்தைப் பல இடங்களில் தடை செய்தார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே வந்தது. வெள்ளைக்காரன் விழுந்ததைப் பார்ப்பதும் குற்றம்!

ஜான்சன் பண்ணின பெரிய ‘குற்றம்’ வேறே. வெள்ளைப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார். மேடையில் தோற்கடிக்க முடியாதவரை 1913இல் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி குற்றவாளி என்றது. நாட்டைவிட்டு ஓடி, பிறகு திரும்பி வந்து ஜெயிலில் கிடந்தார். மன்னிப்பு வந்தது 2018இல். அவர் செத்து எழுபத்திரண்டு வருஷம் கழித்து! எல்லை தாண்டின காதலுக்கு என்ன விலை என்பது சேலம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாதா? 2015இல் ஓமலூர் கோகுல்ராஜைக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்களே.

இரண்டாவது படிக்கல்: எடை. ஹெவிவெயிட் என்றால் இன்றைய தொழில்முறைக் கணக்கில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது தொண்ணூறு கிலோவைத் தாண்டின உடம்பு. 1974இல் கின்ஷாசாவில் ஏறினபோது அலி 98 கிலோ இருந்தார். இந்தப் பிரிவில் நம்ம சனங்களின் பெயர் ஏன் இல்லை என்று யோசித்ததுண்டா? தமிழ்நாட்டில் குத்துச்சண்டை இல்லாமல் இல்லை. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள். துறைமுகத்திலும் மில்லிலும் மீன்பிடியிலும் பிழைத்த சனங்க வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆட்டத்தைப் பிடுங்கித் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டார்கள். டெர்ரி என்ற ஆங்கிலேயரை கித்தேரி முத்து வீழ்த்தின கதையை வடசென்னை இன்றும் சொல்கிறது. 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகுதான் மயிலாப்பூருக்கும் இது தெரிந்தது.

ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எடை குறைந்த பிரிவுகளிலேயே ஆடினவர்கள். இந்தியா ஹெவிவெயிட்டில் மார்தட்டிச் சொல்வது ஹவா சிங், கவுர் சிங் போன்றவர்களை. ஹவா சிங் 1966லும் 1970லும் ஆசியப் போட்டியில் தங்கம். கவுர் சிங் 1982இல் தங்கம். ஒருத்தர் ஹரியானா, ஒருத்தர் பஞ்சாப்; இருவரையும் ஊட்டி வளர்த்தது பட்டாளம். பாலும் கோதுமையும் கறியும் தினமும் தட்டில் விழுகிற இடத்தில் அந்த உடம்பு வருகிறது. ஒரு தலைமுறை வயிறாரத் தின்றால் அடுத்த தலைமுறைக்குத் தோள் வரும். எலும்புக்குள்ளே வரலாறு இருக்கிறது, தோழர்களே. கூழும் கருவாடும் குடித்துத் தோட்டத்தில் மூட்டை தூக்கின தாத்தாவின் பேரன் ஐம்பது கிலோவில் நிற்பதற்குக் காரணம் அவன் ‘ஜீன்’ என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குக் கட்டுப்படியான விலையில் உடம்பு வளர்க்கிற உணவு மாட்டுக்கறி. அதைத் தின்றதற்காகத்தான் நம்மைத் தீண்டாதவன் என்றார்கள். தின்ன உணவையும் கேவலமாக்கி, அதனால் வருகிற பலத்தையும் ‘முரட்டுத்தனம்’ ஆக்குகிறவர்களே பிறகு நம்மைப் பார்த்து “உங்காளுங்களுக்கு ஸ்டாமினா இல்ல” என்பார்கள். பலம் இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு. வடசென்னையில் ‘பாக்ஸர்’ என்பது ஒரு காலத்தில் மரியாதைப் பட்டம். 1999 நவம்பரில் சென்னை மத்தியச் சிறையில் ‘பாக்ஸர்’ வடிவேலு இறந்து, கலவரம் வெடித்து, கைதிகள் சுடப்பட்டபோது பத்திரிகைகளில் அதே சொல் ரவுடியின் அடைமொழியாகத்தான் வந்தது. கையுறை போட்ட கையையும் கத்தி பிடித்த கையையும் ஒன்றாகப் பார்க்கிற கண் எந்தக் கண்?

மூன்றாவது படிக்கல்: ஒழுங்கு. ஜான்சனுக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கும் மேலாக எந்தக் கறுப்பரையும் பட்டத்தின் பக்கம் விடவில்லை. விட்டபோது நிபந்தனையோடு விட்டார்கள். ஜோ லூயிக்கு அவர் மேனேஜர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது: வெள்ளைப் பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. லூயி அப்படியே நடந்தார். 1937 முதல் 1949 வரை சாம்பியன். இருபத்தைந்து முறை பட்டத்தைக் காத்தார். 1938இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே சாய்த்தபோது அமெரிக்கா மொத்தமும் ‘நம்மாள்’ என்றது. யுத்தம் வந்தது, 1942இல் சண்டைப் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் அதே அரசாங்கம் வரி பாக்கி என்று கழுத்தில் கை வைத்தது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியின் வாசலில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

‘நல்ல நீக்ரோ’வுக்குக் கிடைத்த கூலி அது. நம்மிடமும் ‘நல்ல தலித்’ ஆக இருக்கச் சொல்கிறார்கள். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, சாமார் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போய் விக்கெட்டுகளாகக் குவித்தார். ஆனால் பூனாவில் பார்ப்பன ஆட்டக்காரர்கள் அவர் போட்ட பந்தை மட்டும் தொட்டார்கள். டீயை அவருக்கு வெளியே வைத்துத் தனிக் குவளையில் கொடுத்தார்கள். இந்து அணிக்குக் கேப்டனாக்க அவரைக் கடைசிவரை விடவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலைக் கேப்டன் ஆக்குவதற்குள் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒழுங்காக இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்பவர்களிடம் லூயியின் கதையையும் பாலுவின் கதையையும் சொல்லுங்கள்.

இப்ப அலிக்கு வருவோம். 1964இல் சன்னி லிஸ்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கின கையோடு ‘கேசியஸ் கிளே’ என்ற பெயரை அடிமைப் பெயர் என்று தூக்கி எறிந்தார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் பட்டாளத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது அடி எடுத்து வைக்க மறுத்தார். வியட்நாமில் போய் இன்னொரு ஏழையைச் சுடமாட்டேன் என்பது அவர் கட்சி. பட்டம் போனது, லைசென்ஸ் போனது, ஐந்து வருஷத் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் மூன்றரை வருஷம் மேடை ஏற முடியவில்லை. இருபத்தைந்து வயசிலிருந்து இருபத்தெட்டு வரை! குத்துச்சண்டைக்காரனின் கால் அதிவேகமாக இருக்கிற காலம் அது. 1971இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அந்தக் கால்களைத் திருப்பித் தரவில்லை. பிறகு 1974இல் ஃபோர்மேனை வீழ்த்தினார், 1975இல் மணிலாவில் ஃப்ரேசியரை வென்றார், 1978இல் மூன்றாம் முறை பட்டம் பெற்றார். இழந்ததை எந்த ரெக்கார்டு புத்தகத்திலும் எழுத இடம் கிடையாது. நம்ம தராசில் அதற்கு ஒரு தட்டு வேண்டும்.

ஆனால் அலியைச் சாமியாக்காதீர்கள். 1980 தொடக்கத்தில் அலி இந்தியா வந்தார். டெல்லியில் கவுர் சிங்கோடு காட்சிப் போட்டி ஆடினார். சென்னை நேரு ஸ்டேடியத்தில் தன் ஊர்க்காரரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு ஆடினார், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த நேரம். வடசென்னை சனங்க திரண்டு போய்ப் பார்த்தார்கள். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல். இங்கிருந்து நேராகத் தான்சானியா போய் இறங்கினார். பட்டாளத்துக்குப் போகமாட்டேன் என்ற மனிதர் அதே அரசாங்கத்தின் தூதராக!

தான்சானியாவில் நைரேரே அவரைச் சந்திக்கவே இல்லை. நிருபர்கள் சும்மா விடவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறியை முன்னிட்டு 1976இல் ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது உங்க அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று கேட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அலி திகைத்துப்போனார். தன்னைப் பயன்படுத்திக்கொண்டார்களோ என்று வாய்விட்டே சொன்னார். எவ்வளவு பெரிய போராளியையும் ஆட்சி ஒரு நாள் கூப்பிடும். காரும் கொடியும் கொடுக்கும். நம்ம தலைவர்கள் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்பதை விரல்விட்டு எண்ணினால் விரல் போதாது. அலியிடம் கற்கவேண்டியது ரெண்டு: 1967இல் மறுத்தது ஒன்று, 1980இல் ஏமாந்தது தெரிந்ததும் அதை மூடி மறைக்காதது இன்னொன்று.

அலி மேல் இதைவிடக் கனமான வழக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் ஜோ ஃப்ரேசியர். தெற்குக் கரோலினாவில் வாரச் சாகுபடிக் குடும்பம், ஒரு கையை இழந்த தகப்பன், வீடு நிறையப் பிள்ளைகள். பிலடெல்பியாவுக்கு வந்து மாட்டுக் கொட்டிலில், கறி வெட்டும் இடத்தில் வேலை செய்தார். தொங்குகிற மாட்டுத் தொடையைக் குத்திக் குத்திக் கை பழக்கினார். அலிக்குத் தடை இருந்த காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார். லைசென்ஸ் திரும்பக் கிடைக்க அவருக்காகப் பேசினார். 1971 மார்ச்சில் இருவரும் மோதினபோது பதினைந்தாவது ரவுண்டில் ஓர் இடது குத்தால் அலியைத் தரையில் உட்காரவைத்தார். அந்த மனிதரை அலி என்ன சொன்னார்? ‘வெள்ளையனின் அடிமை’ என்றார். மணிலாவுக்கு முன்னால் ‘கொரில்லா’ என்றார். வீட்டில் ஓரளவு வசதி கண்ட, நிறம் கொஞ்சம் வெளுத்த, நாக்கு நீண்ட கறுப்பன், கூலி வீட்டுக் கறுப்பனின் மூக்கையும் நிறத்தையும் கேலி செய்தான். அதற்கு வெள்ளைப் பத்திரிகைகள் கைதட்டின. 2001இல் அலி மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பட்டதற்கு அது ஈடாகுமா?

இதில் நமக்கு உறைக்க வேண்டியது இருக்கிறது. நம்மிலேயே படித்தவன் படிக்காதவனை, பறையன் சக்கிலியனை, ஊருக்குள் வந்தவன் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவனை, கீழே இருந்து வந்தவன் மலையாளிப் பழங்குடியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? எதிரியை அடிக்க எடுத்த நாக்கு பக்கத்தில் நிற்கிறவன் மேல் பட்டால் அதற்கும் கணக்கு உண்டு.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். மாட்டுத் தொடையைக் குத்துவது, பிலடெல்பியா படிக்கட்டில் ஓடுவது ரெண்டும் ஃப்ரேசியர் செய்தவை. 1976இல் வந்த ‘ராக்கி’ படம் அவற்றை எடுத்து ஒரு கற்பனை வெள்ளை வீரனுக்குக் கொடுத்தது. 1980களிலேயே பிலடெல்பியாவில் ராக்கிக்குச் சிலை வந்துவிட்டது. பிறக்காதவனுக்குச் சிலை! நிஜமான ஃப்ரேசியர் 2011இல் செத்து, அவருக்கு அதே ஊரில் சிலை வந்தது 2015இல். வேலை நம்மது, வேர்வை நம்மது, பெயர்ப்பலகை வேறொருவனுடையது.

அடுத்தது டைசன். பசங்க கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1986இல் இருபது வயசில் பட்டம் வாங்கினார். இத்தனை சின்ன வயசில் இன்றுவரை யாரும் வாங்கியதில்லை. அந்த வேகத்தை, குனிந்து உள்ளே புகுகிற அந்த வித்தையைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் 1992இல் பதினெட்டு வயசுக் கறுப்பினப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி மூன்று வருஷம் ஜெயிலில் இருந்தவர் அவர். அப்போது “வெள்ளைக்காரன் சதி” என்று சொல்லி, அந்தப் பெண்ணை வாயை மூடச் சொன்னவர்கள் அவர்கள் இயக்கங்களிலும் இருந்தார்கள். ‘நம்ம வீரன்’ என்பதற்காக நம்ம பெண்ணின் சாட்சியை மிதிப்பதா? தலித் பெண்கள் இதே கேள்வியை நம்ம இயக்கங்களைப் பார்த்து இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள். பேனரில் டைசன் படம் போடுகிறவர்கள் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

கடைசியாக, லாபம் யாருக்கு? கின்ஷாசா சண்டைக்குக் கோடி டாலர் கொடுத்தது மொபுட்டு என்ற சர்வாதிகாரி. அவன் சனங்க பட்டினியில் கிடந்தார்கள். 2024 மே மாதம் உசிக் ஃப்யூரியை வென்று எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கின சண்டை நடந்தது சவுதி ரியாத்தில். பணம் எங்கேயோ அங்கே மேடை. அடி வாங்கினவன் மண்டை மட்டும் அவனுடைய சொந்தம். அலிக்கு 1984இல் நரம்பு நோய் என்றார்கள். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரைப் பிடித்த கை நடுங்கினதை உலகமே பார்த்தது. 2016இல் போய்ச் சேர்ந்தார். அலியோடு மோதின நம்ம கவுர் சிங் 2017இல் இருதய வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார்; 2023இல் இறந்தார். பத்மஸ்ரீ பட்டம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது.

சரி, உன் பட்டியல் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் அலி, இழந்ததையும் சேர்த்து நிறுத்தால் அவருக்கு மேலே யாரும் இல்லை. ஆனால் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஃப்ரேசியருக்குப் பட்ட கடனையும் எழுதிவையுங்கள். அடுத்து ஜோ லூயி. பன்னிரண்டு வருஷம் பட்டத்தைக் காத்தவர் வேறு யார்? மூன்றாவது ஜாக் ஜான்சன். அவர் உடைக்காத கதவுக்குள் மற்றவர்கள் எப்படி நுழைந்திருப்பார்கள்? நான்காவது ஃப்ரேசியர். ஐந்தாவது ஃபோர்மேன், 1994இல் நாற்பத்தைந்து வயசில் திரும்பவும் பட்டம் வாங்கினவர். 49 சண்டையில் 49ம் ஜெயித்த மார்சியானோ, இருபது முறை பட்டம் காத்த ஹோம்ஸ் எல்லாம் எங்கே என்று சண்டைக்கு வாருங்கள், வரத்தான் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் கொண்டு வராதீர்கள்: யாரோடு மோதினார், எதை இழந்தார், யாரை மிதித்தார் என்ற மூன்று கணக்கையும் கொண்டு வாருங்கள்.

சண்டை முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. இந்த மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் தட்டில் வாரத்துக்கு எத்தனை முட்டை விழுகிறது, கறி எத்தனை நாள் என்று போய்ப் பாருங்கள். குறித்துக்கொள்ளுங்கள். விதிப்படி வரவேண்டியதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை வாசலில் போய் நில்லுங்கள். மணல் அடைத்த சாக்கு ஒன்றை மரத்தில் தொங்கவிடப் பெரிய செலவு இல்லை. பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழவந்தியிலிருந்து ஒரு ஹெவிவெயிட் வருவானா, வருவாளா என்பதற்கு அந்த முட்டைக் கணக்கில் பாதிப் பதில் இருக்கிறது.